மனநல ஆலோசனைப் படிப்பு: இணையத்தில் எவ்வளவு, நேரில் எவ்வளவு?



கல்வி உதவி கேட்டு எங்களுக்கு வரும் கடிதங்களில் சில காலமாக ஒரு புதிய படிப்பின் பெயர் தென்படுகிறது. முன்பு நர்சிங், லேப் டெக்னீசியன், பார்மசி என்று எழுதினார்கள். அவர்களுடைய தம்பி தங்கைகள் இப்போது “ஆன்லைனில் சைக்காலஜி”, “ஆன்லைனில் கவுன்சலிங் டிகிரி” என்று எழுதுகிறார்கள். தங்கள் சபையிலுள்ள ஒரு பிள்ளைக்காக இந்தக் கட்டணத்தைக் கட்டலாமா என்று உங்களிலும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். பாபநாசத்திலோ ஒரத்தநாட்டிலோ வீட்டைவிட்டு வெளியூர் போக முடியாத ஒரு பெண்பிள்ளை, கையிலுள்ள செல்போனிலேயே படித்துப் பட்டம் வாங்கி, தன் ஊர் ஜனங்களுக்கே ஆலோசகராக இருக்கலாம் என்றால் அது நல்ல காரியம்தானே? நல்ல காரியம்தான். ஆனாலும் 2025 ஆகஸ்டுக்குப் பிறகு இந்தக் கேள்விக்கு நாங்கள் எழுதும் பதில் மாறிவிட்டது. ஏன் என்பதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறோம்.

முதலில் பெயரைப் பற்றி. மனச்சோர்வு, பதற்றம் முதலிய மனநலக் குறைகளையும், குடி, போதை போன்ற பழக்கங்களையும் சேர்த்து அமெரிக்காவில் ‘பிஹேவியரல் ஹெல்த்’ என்கிறார்கள். அங்குள்ள பல்கலைக்கழகங்கள் பல, இதற்கான ஆலோசகர் பட்டங்களை இணைய வழியாக நடத்துகின்றன. அந்த விளம்பரங்கள் நம் பிள்ளைகளின் செல்போனிலும் வந்து விழுகின்றன. நம் நாட்டிலும் இந்தப் பெயர் சட்டத்தில் ஏறிவிட்டது. மருத்துவரும் நர்சும் அல்லாத சுகாதாரப் பணியாளர்களுக்காக 2021-இல் பாராளுமன்றம் ஒரு தேசிய ஆணையத்தை உண்டாக்கிச் சட்டம் செய்தது. அதன் அட்டவணையில் பிசியோதெரபிஸ்ட், லேப் டெக்னீசியன் முதலியோருடன் உளவியலாளர், ஒருங்கிணைந்த நடத்தைநல ஆலோசகர், மனநல சமூகப் பணியாளர், எச்.ஐ.வி. ஆலோசகர் ஆகியோரும் இடம் பெற்றிருக்கிறார்கள். அதுவரை யார் வேண்டுமானாலும் ‘கவுன்சலர்’ என்று பலகை மாட்டிக்கொள்ள முடிந்தது. இந்தச் சட்டமோ, சுகாதாரத் தொழிலர் என்று ஒருவர் சொல்லிக்கொள்ள, 3 முதல் 6 ஆண்டுகளில் குறைந்தது 3,600 மணி நேரப் படிப்பு உள்ள பட்டம் வேண்டும் என்கிறது.

இதன் தொடர்ச்சியாகவே பல்கலைக்கழக மானியக் குழு 2025 ஆகஸ்டில் ஒரு அறிவிப்பு வெளியிட்டது. அந்தச் சட்டத்தின்கீழ் வரும் படிப்புகளைத் தொலைநிலைக் கல்வியாகவோ இணையவழியாகவோ இனி நடத்தக்கூடாது; 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் புதிதாக யாரையும் சேர்க்கக்கூடாது என்பது அதன் சாரம். உளவியல் என்று பெயர் சொல்லியே அதில் இருக்கிறது. பல பாடங்களைக் கொண்ட பி.ஏ. போன்ற பட்டங்களில், உளவியல் என்ற பிரிவு மட்டும் நீங்கும், மற்றவை தொடரும்.

செய்தி வந்தபோது எங்களுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஏனெனில் இந்த வாசல் மூடப்பட்டதால் முதலில் வெளியே நிற்பவர்கள், காலையில் மாட்டுக்குத் தீவனம் வைத்துவிட்டு, சமையலை முடித்துவிட்டு, மத்தியானத்தில் படிக்க உட்காரும் பெண்பிள்ளைகளே. ஆனாலும் அறிவிப்பின் நியாயத்தை நாங்கள் மறுக்கவில்லை. அந்த 3,600 மணி நேரத்துக்குள் என்ன நடக்க வேண்டும் என்று தெரிந்தால் நீங்களும் மறுக்கமாட்டீர்கள்.

டெல்டாவில் மனக்கஷ்டம் தன் சொந்தப் பெயரில் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. நெஞ்சு படபடப்பு, உச்சந்தலை எரிச்சல், கைகால் குடைச்சல், சாப்பாடு இறங்கவில்லை, ராத்திரி கண்ணை மூட முடியவில்லை என்று பொது ஓ.பி.யில்தான் வந்து நிற்கிறது. ஈ.சி.ஜி. எடுத்து, ரத்தம் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறதென்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினால் பத்து நாளில் திரும்பவும் வருவார்கள். மனச்சோர்வுக்குப் பாடப்புத்தகம் ஒன்பது அறிகுறிகளைச் சொல்கிறது. அவற்றை மனப்பாடம் செய்ய செல்போன் போதும். ஆனால், “நெஞ்சுல கல்லை வச்ச மாதிரி இருக்கு சிஸ்டர்” என்று ஒரு அம்மாள் சொன்னதும், அவசரப்படாமல், சிங்கப்பூரிலிருக்கும் வீட்டுக்காரர் பணம் அனுப்பி எத்தனை மாதமாயிற்று, குழு லோன் கட்டும் நாள் எது என்ற இடத்துக்குப் பேச்சு தானாக வந்து சேரும்படி காத்திருப்பது வேறு வித்தை.

அந்த வித்தையை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. பழகும் மாணவி பேசுகிறாள். அனுபவமுள்ளவர் ஓரமாக உட்கார்ந்து கேட்கிறார். நோயாளி போன பிறகு, “அந்த அம்மா பேச்சை நிறுத்தினதும் நீ ஏன் உடனே பேசினாய்? இன்னும் அரை நிமிஷம் விட்டிருந்தால் அவர்களே சொல்லியிருப்பார்கள்” என்கிறார். மறுமுறை அவள் அரை நிமிஷம் விடுகிறாள். சாக வேண்டும் என்ற எண்ணம் உண்டா என்பதை நேராகக் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. இதைப் புத்தகத்தில் நூறு முறை படித்தவர்களுக்கும் முதல் தடவை வாய் வருவதில்லை. சுற்றி வளைத்துக் கேட்டு, “அப்படியெல்லாம் ஒன்றுமில்லையே?” என்று தாங்களே பதிலையும் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். யாராவது பார்த்துத் திருத்தினால்தான் அந்தக் கேள்வி நேராகும்.

ஊரையும் படிக்க வேண்டும். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். தண்ணீர் வந்தால் குறுவை. வராவிட்டால் சம்பா ஒன்றையே நம்ப வேண்டும். நடவு நாட்களில் எந்தப் பெண்ணும் ஆலோசனைக்கு வரமாட்டாள், கூலி போய்விடும். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரி 10-இல் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாகத் தமிழக அரசு அறிவித்தது. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. நெல் ஒரு போகம் போனால் அடுத்த போகம் உண்டு. தென்னை போனால் கன்று வைத்து ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இந்த இரண்டு வித நஷ்டமும் மனதில் ஒரே மாதிரி இறங்குவதில்லை என்பது வெளியூர்ப் பாடத்திட்டத்தில் இருக்காது. இன்னொன்று, கிராமத்தில் எல்லோரும் சொந்தம். யார் எந்த அறைக்குள் போனார்கள் என்பது சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். ஆகவே ஆலோசனை அறைக்குப் பெரிய பலகை மாட்டாமல், பிரஷர் பார்க்கும் இடத்தை ஒட்டி வைப்பது நல்லது.

சில சமயம் பேச்சைவிடப் பூட்டு அதிகம் உதவும். கொள்ளிடத்துக்கு வடக்கே கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில், சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புப் பணி செய்துவரும் சினேகா அமைப்பு ஒரு முயற்சி செய்து பார்த்தது. இரண்டு கிராமங்களில் விவசாயிகள் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல், பூட்டுள்ள பெட்டிகள் கொண்ட ஒரு பொதுக் கிடங்கில் வைத்து, வேண்டும்போது எடுத்துப் போனார்கள். அந்தக் கிராமங்களில் அத்தகைய மரணங்கள் குறைந்ததாக 2013-இல் ஆய்வு வெளியானது. ஆத்திரத்தில் எழும் ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிட்டால் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள். ஆலோசகர் வீட்டுக்குள் போய், மருந்து எந்த மூலையில் இருக்கிறது என்று கேட்க வேண்டியவர் என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

தன் எல்லையை அறிவதும் படிப்பில் ஒரு பங்கு. காதில் குரல் கேட்கிறது, யாரோ விஷம் வைக்கிறார்கள் என்று சொல்பவரை ஆலோசகர் பேசித் தீர்க்க முடியாது. மருந்து வேண்டும், மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். மருத்துவ உளவியலாளர் என்பவர் இன்னொருவர். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அவருக்கு, மேற்பார்வையுடன் கூடிய பயிற்சி கொண்ட 2 ஆண்டு முழுநேரப் படிப்பைச் சொல்கிறது. நம் பகுதியில் குடும்பங்கள் இவர்களிடம் வருமுன் குணசீலத்துக்கும், ஏர்வாடிக்கும், நம்முடைய ஜெபவீடுகளுக்கும் போய் வந்திருப்பார்கள். அதைக் கேலி செய்யும் ஆலோசகரிடம் அந்தக் குடும்பம் மறுபடி வராது. அதே சமயம், 2001 ஆகஸ்ட் 6-இல் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்ததையும் நாம் மறக்கலாகாது. ஜெபமும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும், சங்கிலி மட்டும் வேண்டாம் என்று பொறுமையாகச் சொல்லத் தெரிந்தவர் வேண்டும்.

அப்படியானால் இணையம் ஒன்றுக்கும் உதவாதா? அப்படி இல்லை. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2018-இல் தொடங்கிய டிஜிட்டல் அகாடமி, ஏற்கனவே வேலையிலிருக்கும் டாக்டர், நர்சு, உளவியலாளர், சமூகப் பணியாளர் ஆகியோருக்கு இணையவழியில் மனநலப் பயிற்சி தருகிறது. மத்தியப் பிரதேசத்தில் சங்காத் அமைப்பு, ஆஷா பணியாளர்களான கிராமத்துப் பெண்களுக்கு, மனச்சோர்வுக்கான எளிய ஆலோசனை முறையைச் செல்போன் வழியாகக் கற்பித்துப் பார்த்திருக்கிறது. மிஷன் மருத்துவமனைகளுக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் வேலூர் சி.எம்.சி. நடத்தும் குடும்ப மருத்துவ டிப்ளமோ. 2006-இல் தொடங்கிய அது தொலைநிலைப் படிப்பே. ஆனால் பாடப் புத்தகமும் வீடியோ வகுப்பும் போக, டாக்டர்கள் நேரில் கூடி நோயாளிகளை வைத்துப் படிக்கும் நாட்களும் அதற்குள் உண்டு. அமெரிக்காவிலும் இதே கதைதான். ஆலோசகர் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு, இணையவழி மாணவருக்கும் 100 மணி நேர ஆரம்பப் பயிற்சியும் 600 மணி நேர இன்டர்ன்ஷிப்பும் கேட்கிறது. விளம்பரத்தில் முதல் பாதி மட்டும்தான் கண்ணில் படுகிறது!

ஆகவே கட்டணம் கட்டுமுன் நீங்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. இந்தியப் பல்கலைக்கழகத்தின் பெயரில், உளவியலில் புதிதாக ஆன்லைன் பட்டத்துக்குச் சேர்க்கை நடக்கிறது என்று யாராவது சொன்னால் பணம் கொடுக்காதீர்கள். வேறு எந்த ஆன்லைன் பட்டமானாலும், மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் அந்தப் பல்கலைக்கழகமும் அந்தப் படிப்பும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வெளிநாட்டுப் பட்டமென்றால், நேரில் செய்ய வேண்டிய மணி நேரங்களைத் தஞ்சாவூரிலிருந்து எங்கே போய்ச் செய்வது, யார் மேற்பார்வையிட்டுக் கையெழுத்திடுவார், இங்கே அந்தப் பட்டம் செல்லுமா என்று எழுத்தில் பதில் வாங்கச் சொல்லுங்கள். ஆறு வாரச் சான்றிதழ்கள் அறிவுக்கு நல்லவை. ஞாயிறு பள்ளி ஆசிரியைக்கும் போதகர் ஐயாவுக்கும் பயன்படும். ஆனால் அதை வைத்து ஒருவர் ஆலோசகராகிவிட முடியாது. படித்துப் பார்க்க மட்டும் ஆசையென்றால், மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் பாடங்களை இலவசமாகக் கேட்கலாம். தேர்வு எழுதுவதற்குத்தான் கட்டணம்.

இந்த வேலைக்கே வர வேண்டும் என்று உறுதியாக இருக்கும் பிள்ளைக்கு நேர்வழி, கல்லூரியில் முழுநேரமாக உளவியலோ, களப்பணியுடன் கூடிய சமூகப் பணிப் பட்டமோ படிப்பதுதான். சமூகப் பணி முதுகலைக்குத் திருச்சி பிஷப் ஹீபர் போன்ற கல்லூரிகள் பஸ் தூரத்தில் இருக்கின்றன. இதில் பலருக்குத் தடையாயிருப்பது கல்லூரிக் கட்டணம் மட்டுமல்ல. விடுதிச் செலவும், வீட்டில் அந்தப் பிள்ளையின் வேலையை யார் பார்ப்பது என்ற கேள்வியும்தான். முதலாவதற்கு உங்கள் காணிக்கை உதவும். இரண்டாவதற்குப் போதகரோ பெண்கள் ஐக்கியத்தாரோ வீட்டுக்குப் போய்த் தகப்பனாரிடம் பேச வேண்டும்.

ஆலோசகர்கள் உருவாகும்வரை ஜனங்களுக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். மத்திய அரசு 2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய டெலி-மானஸ் தொலைபேசிச் சேவையின் எண் 14416. இரவும் பகலும், இலவசமாக, தமிழிலேயே பேசலாம். ஆலயத்தின் அறிவிப்புப் பலகையிலும், பூச்சிமருந்துக் கடைச் சுவரிலும் இந்த எண்ணை எழுதி வைக்கலாம்.

இனி உதவி கேட்டு எழுதும் பிள்ளைகள் படிப்பின் பெயரோடு, சேரப்போகும் கல்லூரி, அங்கே களப்பயிற்சி நடக்கும் இடம், விடுதிச் செலவு ஆகியவற்றையும் எழுதும்படி சொல்லுங்கள். 2025-க்கு முன்னரே இணையவழியில் சேர்ந்து பாதியில் இருப்பவர்கள், தங்கள் சேர்க்கைச் சான்றின் நகலையும் இணைத்து அனுப்பட்டும்.