‘சிஸ்டர், நீங்க போட்டுக்கிட்டீங்களா?’

முடிச்சூரிலிருந்து மேற்குத் தாம்பரம் வரும் பேருந்தில் காலை ஏழு மணிக்கு ஏறினால் நர்ஸ்கள் இல்லாமல் இருக்காது. எட்டு மணி ஷிஃப்டைப் பிடிக்க ஓடுகிறவர்கள். எதிர்த் திசையில் நைட் டியூட்டி முடித்துத் தூக்கக் கண்களோடு திரும்புகிறவர்கள். குரோம்பேட்டையிலும் சானடோரியத்திலும் அரசு மருத்துவமனைகள், வழியெங்கும் தனியார் மருத்துவமனைகள், சாலையோரத்தில் பத்துப் படுக்கை நர்சிங் ஹோம்கள் என இந்தப் புறநகரின் மருத்துவம் இவர்கள் கையில்தான் நடக்கிறது.

2021 ஜனவரியில் கொரோனா தடுப்பூசி வந்தபோது, மாடிப்படியிலும் காய்கறி வண்டி அருகிலும் தெருக்காரர்கள் இவர்களிடம் கேட்டது ஒன்றைத்தான்: “சிஸ்டர், நீங்க போட்டுக்கிட்டீங்களா?” அமைச்சரின் பேட்டியைவிட, டாக்டரின் அறிவுரையைவிட, பக்கத்து வீட்டு நர்ஸின் பதிலுக்கு எடை அதிகம். அந்த எடையைச் சுமந்தவர்களில் பலர் அப்போது, “இன்னும் இல்லைக்கா, பார்க்கலாம்” என்றே சொன்னார்கள்.

அந்தப் ‘பார்க்கலாம்’ பலருக்குக் கோபத்தைத் தந்தது. படித்தவர்களே பயந்தால் பாமரன் என்ன செய்வான் என்றார்கள். அந்தக் கோபம் நியாயமற்றது என்பதே என் எண்ணம். நர்ஸ்களின் தயக்கத்தைக் கூர்ந்து பார்த்தால், அதற்குள் பதில் சொல்லக்கூடிய கேள்விகள் இருந்தன. பதில் சொல்ல வேண்டியவர்கள்தான் தாமதித்தார்கள்.

நாடெங்கும் தடுப்பூசிப் பணி தொடங்கியது 2021 ஜனவரி 16 அன்று. மருத்துவப் பணியாளர்களுக்கே முதலிடம். தமிழ்நாட்டில் 166 மையங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் அன்றைய முதல்வர் பழனிசாமி தொடங்கிவைத்தார். மாநிலத்துக்கு முதலில் வந்தது கோவிஷீல்டு 5,36,500 டோஸ், கோவேக்சின் 20,000 டோஸ். ஆரம்ப நாட்களில் மையங்களுக்கு வந்தவர்கள் குறைவு; கோவேக்சின் பக்கம் போனவர்கள் அதிலும் குறைவு.

காரணம் ஊரறிந்தது. ஜனவரி 3 அன்று கோவேக்சினுக்கு அனுமதி கிடைத்தபோது, சுமார் 25,800 பேரிடம் நடந்துகொண்டிருந்த மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவு வெளிவரவில்லை. போட்டுக்கொள்பவர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டியிருந்தது. எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கவும் முடியவில்லை. வார்டில் ஒவ்வொரு அறுவை சிகிச்சைக்கு முன்பும் நோயாளியிடம் கையெழுத்து வாங்குகிற நர்ஸுக்கு, அந்தக் கையெழுத்தின் பொருள் யாரும் சொல்லாமலே தெரியும். டெல்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையின் பயிற்சி மருத்துவர்களே, முதல் நாளன்று, தங்களுக்குக் கோவேக்சினுக்குப் பதில் கோவிஷீல்டு வேண்டும் என்று எழுதிக் கேட்டார்கள். டாக்டர் கேட்டால் அது அறிவியல் கேள்வி, நர்ஸ் கேட்டால் அது அறியாமை என்று எப்படிப் பிரித்தோம்?

ஜனவரி 22 அன்று ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் அன்றைய சுகாதாரத் துறை அமைச்சர் விஜயபாஸ்கர் கோவேக்சின் போட்டுக்கொண்டார். மார்ச் 1 அன்று பிரதமருக்கு அதே ஊசியைப் போட்டவர், எய்ம்ஸில் பணியாற்றிய புதுச்சேரி நர்ஸ் நிவேதா. மார்ச் 3 அன்று இடைக்கால முடிவும் வந்தது: 81 சதவீதம் செயல்திறன். அந்த எண்ணுக்காகத்தான் பலர் காத்திருந்தார்கள்.

பெரிதாகப் பேசப்படாத இன்னொன்று உண்டு. நம் நர்ஸ்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். புதிதாகத் திருமணமானவர்கள், குழந்தைக்காகக் காத்திருப்பவர்கள், கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு டியூட்டிக்கு வருபவர்கள். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் இந்த ஊசி வேண்டாம் என்று சொன்னதே மத்திய அரசின் முதல் வழிகாட்டுதல். சோதனைகளில் அவர்கள் சேர்க்கப்படவில்லை என்பதுதான் காரணம். பாலூட்டுவோருக்கு மே 19 அன்றும், கர்ப்பிணிகளுக்கு ஜூலை 2 அன்றும்தான் அனுமதி வந்தது. அதற்குள் இரண்டாம் அலை உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கியிருந்தது. அடுத்த மாதம் கருவுறலாம் என்ற நிலையில் இருக்கும் பெண், “எனக்கு இது சரிவருமா?” என்று யோசித்ததை வதந்திக்குப் பலியானதாக எழுதுவது அநியாயம்.

காய்ச்சலும் ஒரு காரணம். ஊசிக்கு மறுநாள் உடம்புவலியும் காய்ச்சலும் வரலாம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சின்ன நர்சிங் ஹோமில் ஆளுக்கு ஆள் மாற்று கிடையாது. ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் சம்பளம் போகும். சம்பளத்தோடு அந்த ஒரு நாள் விடுப்பைக் கொடுத்திருந்தால் எத்தனை பேர் முதல் வாரத்திலேயே வந்திருப்பார்கள்!

பயம் முழுக்கக் கற்பனையும் அல்ல. மார்ச் 11 அன்று டென்மார்க் அஸ்ட்ராஜெனகா ஊசியை நிறுத்திவைத்தது. நார்வேயில் அந்த ஊசிக்குப் பின் அரிய வகை ரத்த உறைவுக்கு ஆளான ஐந்து பேரும் மருத்துவப் பணியாளர்கள், மூவர் இறந்தார்கள். அங்கே அந்த ஊசியைப் போட்டுக்கொண்டவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். இந்தியாவில் அதே மருந்தான கோவிஷீல்டில் இப்படிப்பட்ட ரத்த உறைவு, பத்து லட்சம் டோஸுக்கு 0.61 என்று அரசின் குழு மே மாதம் சொன்னது. மிக மிக அரிது, ஆனாலும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்லும் தைரியம் அப்போது இருந்திருக்க வேண்டும். ஏப்ரல் 15 அன்று ஊசி போட்டுக்கொண்ட நடிகர் விவேக் 17 அன்று மறைந்தபோது அந்த வெற்றிடம் தெரிந்தது. மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று ஆய்வுக் குழுவின் முடிவு அக்டோபரில் வந்தது. நடுவே இருந்த ஆறு மாதமும் தெருவில் பதில் சொன்னவர்கள் நர்ஸ்கள்தான்.

இந்தத் தயக்கம் நமக்கு மட்டும் உரியதும் அல்ல. 2003-ல் சார்ஸ் நோயில் ஹாங்காங்கில் பாதிக்கப்பட்ட 1,755 பேரில் 386 பேர் மருத்துவப் பணியாளர்கள். சக ஊழியர்களைப் பறிகொடுத்த ஊர் அது. ஆனாலும் 2009-ல் பன்றிக் காய்ச்சல் பரவியபோது அங்கே பொது மருத்துவமனைப் பணியாளர்களிடம் நடத்திய ஆய்வில், ஊசிக்குத் தயார் என்றவர்கள் 47.9 சதவீதம்தான். மறுத்தவர்கள் சொன்ன முதல் காரணம் பக்கவிளைவு. அடி வாங்கிய அனுபவம் மட்டும் ஒருவரை ஊசிக்குக் கொண்டுவந்துவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

வேறென்ன கொண்டுவரும்? வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைப் பார்க்கலாம். அங்கே 10,600 பணியாளர்களில் 8,991 பேர், அதாவது சுமார் 85 சதவீதம், ஜனவரி 21-லிருந்து ஏப்ரல் முடிவதற்குள் ஊசி போட்டுக்கொண்டார்கள். தன் பணியாளர்களையே அந்த மருத்துவமனை தொடர்ந்து கவனித்துக் கணக்கு வைத்தது. இரண்டாம் அலையில் 1,350 பேருக்குத் தொற்று வந்தது. இரண்டு டோஸும் போட்டிருந்த 7,080 பேரில் மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது 64 பேரை. ஆக்சிஜன் தேவைப்பட்டது நால்வருக்கு. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனது இருவர். தொற்றுக் காலம் தொடங்கியதிலிருந்து இறந்த ஒரே பணியாளர், வேறு நோய்களும் இருந்த, ஊசி போடாதவர். இப்படி ஓர் எண், நம் மாநிலத்திலிருந்தே, நம் நர்ஸ்களைப் பற்றியே வந்தபோது அதை எதிர்த்து வாதாட ஒன்றுமில்லை.

தயங்கிய அதே கைகள் பிறகு செய்ததையும் சொல்ல வேண்டும். ஏப்ரல் 11 வரையிலான கணக்கில், தடுப்பூசி வீணாவதில் 12.10 சதவீதத்தோடு தமிழ்நாடு நாட்டிலேயே முதலிடத்தில் நின்றது. திறந்த கோவிஷீல்டு குப்பியில் பத்து டோஸ். நான்கு மணி நேரத்துக்குள் பத்துப் பேர் வராவிட்டால் மீதி குப்பைக்கு. சில மாதங்களில் நிலைமை தலைகீழானது. குப்பியில் கொஞ்சம் கூடுதலாக இருக்கும் மருந்தையும் சிந்தாமல் உறிஞ்சி, பத்து டோஸ் குப்பியிலிருந்து பதினொன்றாவது ஆளுக்கும் போட்டார்கள். செப்டம்பர் 12 அன்று சுமார் 40,000 இடங்களில் நடந்த மாபெரும் முகாமில் ஒரே நாளில் 28.91 லட்சம் பேருக்கு ஊசி. பள்ளி வகுப்பறையில், பெஞ்சில் உட்கார்ந்து, சாப்பாட்டை மூன்று மணிக்குத் தள்ளிப்போட்டுக்கொண்டு அதைப் போட்டவர்கள் யார் என்பதை முடிச்சூரில் யாரும் மறக்கவில்லை. ஆனால் கொரோனாவுக்காக ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நர்ஸ்களின் பணி 2022 டிசம்பர் கடைசி நாளோடு முடித்துவைக்கப்பட்டது. வருகிற தொற்றில் இவர்களிடம் “நம்புங்கள்” என்று சொல்லப்போகிறவர்கள், இதையும் சேர்த்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அடுத்த தொற்று வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. விரலில் ஊசி குத்திவிடும் ஆபத்தோடு தினமும் வேலை செய்கிற நர்ஸுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸ்: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். அது பலித்ததா என்று பார்க்க ஒரு ரத்தப் பரிசோதனை. நம் சாலையோர நர்சிங் ஹோம்களில் வேலைக்குச் சேரும் பெண்ணிடம் இதைக் கேட்டு, தன் செலவில் போட்டுவிட்டு, காய்ச்சல் வந்தால் ஒரு நாள் சம்பளத்தோடு வீட்டுக்கு அனுப்பும் நிர்வாகங்கள் எத்தனை என்று மாவட்டச் சுகாதாரத் துறை இந்த மாதமே கணக்கெடுக்கலாம்.