பட்டனை அழுத்தினேன்... சத்தமே இல்லை!

(இ.சி.இ. இரண்டாம் ஆண்டு மாணவன்)



சொந்தமாக ஒரு கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்து முதல் தடவை பட்டனை அழுத்துகிற நேரம் இருக்கிறதே, அது ரிசல்ட் பார்க்கிற நேரத்தைவிட மோசம். எனக்கு அது போன தை மாதம் வந்தது. மதர்போர்டு, பிராசசர், ராம் மூன்றும் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய செகண்ட் ஹேண்ட். கேபினட், சீனியர் அண்ணன் ஒருவர் சும்மா கொடுத்தது. எஸ்.எம்.பி.எஸ். மட்டும் புதுசு. மொத்தச் செலவு 11,000 ரூபாய். அது அம்மா மகளிர் குழுவில் வாங்கின கடன். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். "படிப்புக்குத்தானே, வாங்கிக்கோ" என்று மறுபேச்சு பேசாமல் கொடுத்தார்.

பட்டனை அழுத்தினேன். ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுவிட்டது. திரும்ப அழுத்தினேன். இந்தத் தடவை அதுகூட இல்லை! அம்மா வாசற்படியில் நின்று, "என்னப்பா, ஓடலையா?" என்றார். "ஓடும்மா, இரு" என்றேன். அதற்குமேல் பேச்சு வரவில்லை.

மறுநாள் டவுனில் ஒரு சர்வீஸ் கடைக்குத் தூக்கிப் போனேன். கடைக்காரர் கேபினட்டைத் திறக்கக்கூட இல்லை. "போர்டு போச்சு தம்பி. வேற போடணும். நாலாயிரத்து ஐந்நூறு ஆகும்" என்றார். குழுவுக்கு முதல் தவணையே இன்னும் கட்டவில்லை, நாலாயிரத்துக்கு எங்கே போவது? திங்கட்கிழமை லேப் சாரிடம் சொன்னேன். அவர் மல்டிமீட்டரைக் கையில் கொடுத்து, "போச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி எது போச்சுன்னு காட்டுப்பா" என்றார். அப்போது கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பட்டன் என்னதான் செய்கிறது?

1995-ல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய ஏ.டி. கேபினட்களில் முன்பக்க சுவிட்ச் 230 வோல்ட்டையே நேராக ஆன், ஆஃப் செய்யும், வீட்டு லைட் சுவிட்ச் மாதிரி. இப்போதைய பட்டன் காலிங் பெல் மாதிரி. நாம் அழுத்துவோம், கதவைத் திறப்பது உள்ளே இருப்பவர்.

பின்பக்க சுவிட்ச் ஆன் ஆனதுமே எஸ்.எம்.பி.எஸ். ஊதா வயரில் 5 வோல்ட் தந்துகொண்டே இருக்கும். இதற்கு ஸ்டாண்ட்பை என்று பெயர். பட்டனை அழுத்தினால் மதர்போர்டு பச்சை வயரை கிரவுண்டோடு சேர்க்கும். அதன்பிறகுதான் மஞ்சளில் 12, சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 வோல்ட் வரும். எல்லாம் சரியாக வந்தபின் சாம்பல் வயரில் 'பவர் குட்' சிக்னல் வரும். அது கிடைத்தால்தான் பிராசசர் வேலையைத் தொடங்கும். இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் நமக்குத் தெரிவது ஒன்றுதான்: ஓடவில்லை! ஆகவே கண்ணி கண்ணியாகப் பார்க்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. 230 வோல்ட் ஏ.சி.யின் உச்ச மதிப்பு சுமார் 325 வோல்ட் என்று நாம் படித்திருக்கிறோம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உள்ளே கெப்பாசிட்டரில் நிற்கலாம்.

சோதிக்கும் வரிசை

1. பிளக் பாயின்ட்டில் ஒரு டேபிள் ஃபேனைப் போட்டுப் பாருங்கள். பவர் கார்டை மாற்றிப் பாருங்கள். எஸ்.எம்.பி.எஸ். பின்பக்க சுவிட்ச் ஆனில் இருக்கிறதா? சிரிக்காதீர்கள், பலபேர் தவறுவது இங்கேதான்.

2. ஊதாவுக்கும் கறுப்புக்கும் நடுவே 5 வோல்ட் இருக்கிறதா? எனக்கு 5.04 காட்டியது. சில எஸ்.எம்.பி.எஸ்.களில் எல்லா வயரும் கறுப்பு. அப்படியானால் பின் வரிசைப் படத்தைப் பார்த்துத்தான் தொடவேண்டும்.

3. கேபினட் பட்டனின் வயர் சரியான இரண்டு பின்களில் இருக்கிறதா? மதர்போர்டு புத்தகத்தைப் பாருங்கள். அந்த வயரைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு பின்களை மட்டும் ஸ்குரூடிரைவர் நுனியால் ஒரு நொடி தொடுங்கள். ஓடினால் பட்டன்தான் கோளாறு.

4. 24 பின் கனெக்டர் மட்டும் போதாது. பிராசசர் பக்கத்தில் 4 அல்லது 8 பின் கனெக்டர் ஒன்று தனியாக உண்டு. அதை விட்டுவிட்டால் ஃபேன் சுற்றினாலும் சிஸ்டம் எழுந்திருக்காது.

5. எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தனியாகச் சோதியுங்கள். பிளக்கைப் பிடுங்கி, எல்லா கனெக்டரையும் கழற்றி, 24 பின்னில் பச்சையையும் கறுப்பையும் ஒரு கம்பியால் இணையுங்கள். பிறகு கரண்ட் கொடுத்து அளந்தால் மஞ்சளில் 11.4 முதல் 12.6 வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை இருக்கவேண்டும். எனக்குச் சரியாகவே இருந்தது.

6. இனி போர்டை வெளியே எடுங்கள். வெறும் அட்டைப்பெட்டி மேல் வையுங்கள். போர்டு வந்த சில்வர் கவர் மேல் வைத்து ஓட்டக்கூடாது, அதில் கரண்ட் பாயலாம். பிராசசர், அதன் ஃபேன், ஒரே ஒரு ராம் போதும். பின்களைத் தொட்டு ஆன் செய்யுங்கள்.

நானும் அப்படியே செய்தேன். அட்டைப்பெட்டி மேல் ஃபேன் நிற்காமல் சுற்றியது! மானிட்டரில் எழுத்து வந்தது. போச்சு என்று சொன்ன அதே போர்டுதான்!

அப்படியென்றால் குற்றவாளி கேபினட். டார்ச் அடித்துப் பார்த்தேன். போர்டைத் தாங்க கேபினட்டில் பித்தளையில் சின்னச் சின்ன கால்கள் உண்டு. அண்ணனுடைய பழைய போர்டுக்காக நடுவில் ஒரு கால் போட்டிருந்தார்கள். என் போர்டில் அந்த இடத்தில் ஓட்டையே இல்லை. அந்தக் கால் போர்டின் பின்பக்க சால்டர் முனைகளில் முட்டி ஷார்ட் ஆக்கிவிட்டது. ஷார்ட்டை உணர்ந்த எஸ்.எம்.பி.எஸ். தன்னைத் தானே நிறுத்திக்கொண்டது. அதுதான் அந்த அரைச் சுற்று. அப்படி நின்றுவிட்டால், கரண்ட்டை எடுத்துச் சிறிது நேரம் விட்டால்தான் மறுபடி எழும். இரண்டாம் தடவை ஒன்றுமே நடக்காததற்கு அதுவே காரணம்.

காலைக் கழற்றிப் போர்டை மாட்டினேன். ஓடியது. செலவு: பூஜ்யம்.

இப்போது இந்த அறிகுறிகளைப் படிக்கத் தெரிகிறது. ஒன்றுமே அசையவில்லை என்றால் முதல் மூன்று படிகள். அசைந்து நின்றால் ஷார்ட்டைத் தேடு. ஃபேன் ஓடுகிறது, படம் இல்லை என்றால் 4-வது படியைப் பார், ராமைக் கழற்றித் திரும்பப் போடு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. இரண்டை மாற்றினால் எது சரியானது என்றே தெரியாமல் போகும்.

அந்தக் கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அளக்காமல் சொன்னார், அவ்வளவுதான். நாளைக்கு நாமும் ஒரு கடையிலோ கம்பெனியிலோ மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காரப் போகிறோம். எதிரே நிற்பவர் கையில் இருப்பதும் ஒரு குழுக் கடனாக இருக்கலாம். "போச்சு" என்று சொல்வதற்கு முன் மீட்டரை எடுப்போம்.

முதலாமாண்டு தம்பி தங்கைகளே, உங்கள் சிஸ்டம் ஓடவில்லையா? பயப்படாமல் வாருங்கள். லேப்பில் கையெழுத்துப் போட்டு மீட்டர் வாங்கலாம், நானும் கூட வருகிறேன். அந்தப் பித்தளைக் காலை இன்னும் ஜாமெட்ரி பாக்ஸில் வைத்திருக்கிறேன், காட்டுகிறேன்!