மௌனம் சோம்பல் அன்று

கொட்டிவாக்கத்திலிருந்து ஒரு தாய், ஒன்பதாம் வகுப்பு பயிலும் தம் மகனை அழைத்து வந்திருந்தார். கணக்கில் நல்ல மதிப்பெண். வரலாற்று விடைத்தாளிலோ பாதிப் பக்கங்கள் வெறுமை. "எல்லாம் தெரியும் டாக்டர், கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கிறான். சோம்பேறின்னு இவங்க அப்பா திட்டுறார்" என்றார்.

பள்ளிக்கு எப்படிச் செல்வாய் என்று அவனிடம் கேட்டேன். "அது... அங்க போயி... அப்புறம் அது..." என்று தடுமாறி நின்றுவிட்டான். தாளும் பென்சிலும் கொடுத்ததும் கிழக்குக் கடற்கரைச் சாலை, பேருந்து நிறுத்தம், பள்ளி வாயில் அனைத்தையும் பிழையின்றி வரைந்து காட்டினான். அறிந்தது உள்ளே இருந்தது; சொற்கள்தாம் வரவில்லை.

இதனை வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு என்கிறோம். பிரிட்டனில் பள்ளியில் சேரும் வயதுக் குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வில், 100 பேரில் 7 அல்லது 8 பேரிடம் இது காணப்பட்டது. தொடக்க வகுப்புகளில் சமாளித்துவிடும் பிள்ளைகள், நீண்ட விடை எழுதவேண்டிய உயர்நிலை வகுப்புகளில் திணறுகின்றனர்.

இத்தாயிடம் யாரோ, வீட்டில் தமிழை நிறுத்தி ஆங்கிலத்தில் மட்டும் பேசுமாறு கூறியிருந்தனர். இது தவறான அறிவுரை. இரு மொழிகள் பயில்வதால் இக்குறைபாடு வருவதில்லை. குறைபாடு இருப்பின் இரண்டிலும் தென்படும். ஆங்கிலத்தில் மட்டும் தடுமாற்றம் எனில், பெரும்பாலும் அது பயிற்சிக் குறைவே. பாட்டியோடு பேசும் மொழியையும் பறித்துவிட்டால் பிள்ளைக்குப் பேச இடமேது?

முதலில் செவித்திறனைச் சோதியுங்கள். பின்னர் பேச்சு-மொழிப் பயிற்சியாளரிடம் மதிப்பீடு செய்யுங்கள். இதே சாலையில் முட்டுக்காட்டில், 2005இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்திலும் பேச்சு, மொழிப் பயிற்சிக்கான பிரிவு உள்ளது. நன்றாகப் பேசிவந்த பிள்ளைக்குத் திடீரெனப் பேச்சு குழறினால் மட்டும் காத்திராமல் அவசரச் சிகிச்சைக்கு வாருங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை:

• கேள்வி கேட்டபின் பத்து நொடியேனும் பொறுங்கள். வாக்கியத்தை நீங்கள் முடித்து வைக்காதீர்கள்.

• "பள்ளியில் என்ன நடந்தது?" என்பது பெரிய கேள்வி. "மதியம் யாரோடு சாப்பிட்டாய்?" என்பது எளிது.

• எழுதுமுன் படமாக வரையச் சொல்லுங்கள். பிறகு 'முதலில், அடுத்து, அதனால், இறுதியில்' என்னும் சொற்களை வைத்து வாயால் சொல்லச் செய்யுங்கள். அதன் பின்னரே எழுதட்டும்.

• புதிய பாடத்தின் கடினச் சொற்கள் ஐந்தை முன்கூட்டியே பழக்குங்கள்.

மொழிக் குறைபாட்டுடன் கற்றல் குறைபாடும் சேர்ந்திருப்பதுண்டு. உரிய மருத்துவச் சான்று பெற்ற மாணவர்களுக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. கல்வியாண்டின் தொடக்கத்திலேயே தலைமையாசிரியரை அணுகுங்கள்.

ஆறு மாதம் கழித்து அம்மாணவன் மீண்டும் வந்தான். வரலாற்று விடைத்தாளில் இன்னமும் சில இடங்கள் வெறுமையாகவே இருந்தன. ஆனால் இம்முறை தந்தையும் உடன் வந்திருந்தார். மகன் தயங்கித் தயங்கிச் சொல்லி முடிக்கும்வரை அவர் ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை.