44-ஆம் எண் சாலையில் ஒரு துண்டு அலுமினியம்

காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரிக்கு சைக்கிளில் வருகிறவர்களுக்குத் தொப்பூர் கணவாயைப் பற்றி முன்கூட்டியே பயம் இருக்கும். லாரி ஓட்டுநர்களே பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கும் சரிவு அது. ஆனால் கணவாயைப் பத்திரமாகக் கடந்தவர் ஓமலூர்ப் பக்கம் டீக்கடை ஓரத்தில் மாட்டிக்கொள்ளலாம். சுவரில் சாய்த்த சைக்கிள் மூட்டை முடிச்சோடு வலப்பக்கம் சரிந்து விழுந்தால் போதும். பின்சக்கரத்தின் அருகே கியர் மாற்றும் கருவியைத் தாங்கி நிற்கும் விரல் நீள அலுமினியத் துண்டு வளையும், இல்லையென்றால் ஒடியும். அதன் பெயர் டிரெய்லியர் ஹேங்கர்.

அது ஒடிவதற்கென்றே செய்யப்பட்டது. அடி விழும்போது விலை உயர்ந்த ஃபிரேம் உடையாமல், கழற்றி மாட்டக்கூடிய இந்தத் துண்டு தன்னைக் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஏற்பாடு நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு கம்பெனியும், ஒரே கம்பெனியின் ஒவ்வொரு மாடலும் இதற்கு வேறு வேறு வடிவம் வைத்திருக்கின்றன. 2019-இல் அமெரிக்காவின் ஸ்ராம் நிறுவனம் எல்லோருக்கும் பொதுவாக ஒரு வடிவத்தைக் கொண்டுவந்தது. அதற்கு முன் வந்த சைக்கிள்களுக்கு அதனால் பயனில்லை.

நம் ஊர் சைக்கிள் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. ஓமலூர் முதல் பரமத்தி வேலூர் வரை எந்தக் கடையிலும் 28-க்கு 1½ டயர், டியூப், காட்டர் பின், பால்ரஸ், ப்ரீவீல் எல்லாம் கிடைக்கும். சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்கிற கை இன்னும் இருக்கிறது. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிள்களும் அந்தக் கைக்கு வேலை வைக்கின்றன. இல்லாதது அந்த ஒரு துண்டுதான்.

இதில் ஒரு வேடிக்கை. இந்தியாவின் சைக்கிள் உதிரிபாகத் தலைநகரம் லூதியானா. ஹீரோ சைக்கிள்ஸ் 1956-இல் ஆலை தொடங்கிய ஊர். லாரிக்குப் பேர்போன ஊர் நாமக்கல். இரண்டும் இதே 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில்தான் இருக்கின்றன. சாமான் பிறக்கும் ஊரையும் அதைச் சுமக்கும் ஊரையும் ஒரே சாலை இணைத்திருக்க, நடுவில் ஒருவர் சாமானுக்காகக் காத்திருக்கிறார்!

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கம், வரி, அடையாளச் சான்று என்று நாள் நீளும். பெங்களூரிலோ கோவையிலோ உள்ள பெரிய சைக்கிள் கடையில் அதே ஹேங்கர் இருந்துவிட்டால் காரியம் சுளுவாகும். கடைக்காரர் அதை ஆம்னி பஸ்ஸில் ‘போட்டு விடுவார்’. டிரைவரின் செல் நம்பர் வரும். விடிகாலையில் சேலத்தில் பஸ் நிற்கும் இடத்துக்குப் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். பெங்களூரிலிருந்து 200 கிலோமீட்டர்தான், ஓர் இரவு வேலை.

சாமான் வரும்வரை இரவை எங்கே கழிப்பது? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கூடாரம் போட்டுத் தங்குவதற்கென்றே கட்டண மைதானங்கள் உண்டு. குளியலறை இருக்கும், பல இடங்களில் தங்குபவரின் பார்சலை அலுவலகமே வாங்கி வைக்கும். சேலம், நாமக்கல் சமவெளியில் அந்த வழக்கம் இல்லை. பெட்ரோல் பங்க் ஓரம், முகூர்த்தம் இல்லாத நாளில் கல்யாண மண்டபத் திண்ணை, தோட்டத்து மோட்டார் ரூம் என்று கேட்டுத்தான் படுக்க வேண்டும். “ஏனுங்க, எந்த ஊருங்க? சாப்டீங்களா?” என்ற கேள்விகளுக்குப் பதில் சொன்னால் பெரும்பாலும் இடம் கிடைத்துவிடும்.

காத்திருப்பவரை இந்தப் பக்கத்து ஆட்கள் விநோதமாகப் பார்ப்பதுமில்லை. இது லாரிக்காரர்களின் நாடு. நாமக்கல்லில் பாடி கட்டிய லாரியும் திருச்செங்கோட்டு ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டியும் வடநாட்டில் எங்கோ ஆக்சில் முறிந்து நின்றால், ஊரிலிருந்து சாமான் வரும்வரை வண்டிக்கடியிலேயே சமைத்துத் தின்று காவல் இருப்பவர்கள் இவர்கள் வீட்டு ஆட்கள்தான்.

லாரி வேலை நடக்கும் இடம் என்பதால் இங்கே பட்டறைகளும் உண்டு; காத்திருப்பவர் சும்மா இருக்கக் கூடாது. லேத் பட்டறைக்குப் போக வேண்டும். ஒடிந்த துண்டுகளைச் சேர்த்து வைத்துக் காட்டினால், தடித்த அலுமினியத் தகட்டில் அதே வடிவத்தை வெட்டித் தரும் திறமை இந்த ஊர்களில் இருக்கிறது. சிக்கல் மரையில்தான். கியர் கருவி ஏறும் துளை 10 மில்லிமீட்டர். மரை இடைவெளி 1 மில்லிமீட்டர், அதாவது நெருக்கமான மரை. பட்டறையில் முதலில் கைக்கு வரும் 10 மில்லிமீட்டர் டேப் (மரை வெட்டும் கருவி) 1½ மில்லிமீட்டர் இடைவெளியில் வெட்டும். அதைப் போட்டால் துண்டு பாழ். ஆனால் பல கார்களின் பிரேக் குழாய் நட்டில் வருவது அதே நெருக்கமான மரைதான். கார் வேலை பார்க்கும் பட்டறையில் அந்த டேப்பைப் பெயர் சொல்லிக் கேட்கலாம்.

அயர்லாந்துக்காரர் டெர்வ்லா மர்ஃபி இந்தத் தொல்லையே வேண்டாம் என்று முடிவு செய்தவர். 1963-இல் சைக்கிளில் இந்தியாவுக்குக் கிளம்புமுன், ஆசியச் சாலைகளுக்குத் தாங்காது என்று தன் வண்டியின் மூன்று கியர் அமைப்பைக் கழற்றிப் போட்டுவிட்டார். மாற்று டயர்களை வழியிலுள்ள ஊர்களுக்கு முன்னதாகவே அனுப்பியும் வைத்தார்.

அவர் புறப்படும்போது செய்ததை நடுவழியிலும் செய்யலாம். கியர் கருவியைக் கழற்றிவிட்டு, செயினை வெட்டிச் சுருக்கி, நேர்க்கோட்டில் இருக்கும் ஒரே பல்சக்கரத்தில் மாட்டிவிட்டால் வண்டி ஓடும். செயின் தொய்ந்தால் பல் தாவும், அவ்வளவுதான். தெற்கே நேராகப் போகிறவருக்கு இது போதும். நாமக்கல், பரமத்தி வேலூர், காவிரிப் பாலம், கரூர் என்று பெரிய மலையேற்றம் இல்லாத பாதை. காரவள்ளி வழியாக 70 கொண்டை ஊசி வளைவுகளோடு கொல்லிமலை ஏற நினைத்தவர் மட்டும் பெங்களூர் பஸ்ஸுக்குக் காத்திருக்கத்தான் வேண்டும்.