ஆறு மாதத் துணை

காசநோய் மாத்திரை தொடங்கியதும் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம் அது, ஆபத்து ஒன்றுமில்லை. ஆனால் சென்னையை அடுத்த ஒரகடம் தொழிற்பகுதியில் நாலு பேரோடு ஓர் அறையில் தங்கி, யாருக்கும் தெரியாமல் மாத்திரை விழுங்கும் இளைஞருக்கு ரத்தம் போகிறதோ என்று பயம் வந்துவிடும். “எனக்கும் அப்படித்தான் போச்சு தம்பி, மாத்திரைய மட்டும் விட்டுடாத” என்று நோயை வென்ற ஒருவர் சொன்னால் பாதி பயம் போய்விடும். இப்படிப்பட்டவர்களுக்குப் பயிற்சி தந்து ‘காசநோய் சாம்பியன்’ ஆக்குகிறது தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டம். சென்னையின் ‘ரீச்’ தொண்டு நிறுவனமும் இந்தப் பயிற்சியை அளித்துவருகிறது.

சாதாரணக் காசநோய்க்கு மருந்து ஆறு மாதம்: முதல் 2 மாதம் நாலு மருந்துகள், அடுத்த 4 மாதம் மூன்று. வேகமாகப் பெருகும் கிருமிகளை ஐசோனியாசிட் முதல் சில நாட்களிலேயே பெருமளவு அழித்துவிடும். காய்ச்சல் அடங்கும், பசி எடுக்கும், எடை ஏறும். ஷிஃப்டுக்குத் திரும்பலாம் என்று தோன்றுவதும் அப்போதுதான். ஆனால் நுரையீரலில் சில கிருமிகள் அரைத்தூக்கத்தில் கிடக்கும். ரிஃபாம்பிசினும், அமிலச் சூழலில் வேலை செய்யும் பைரசினமைடும் அவற்றைத் தேடித் தீர்க்கவே இத்தனை காலம். நடுவில் விட்டால் நோய் திரும்பும். மருந்துக்கு அடங்காத கிருமியும் உருவாகலாம். டாக்டரும் இதைச் சொல்லத்தான் செய்கிறார், ஆனால் எந்த மாதம் சோறே குமட்டியது, எப்படிச் சமாளித்தோம் என்பது பட்டவருக்குத்தான் தெரியும்.

வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடலாம் என்று உலகுக்குக் காட்டியதும் நம் சென்னைதான். 1928-இல் தொடங்கிய காசநோய் மருத்துவமனையான தாம்பரம் சானடோரியம், ஒரகடத்திலிருந்து வண்டலூர் சாலையில் போனால் எட்டிவிடும் தூரம். அன்று நோயாளி அங்கே போய்ப் படுக்க வேண்டும். 1956-இல் சேத்துப்பட்டில் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் தொடங்கிய ஆய்வு, நெரிசலான வீட்டில் அரைவயிற்றுச் சாப்பாட்டோடு மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய நிகராகக் குணமானதைக் கண்டது. 1959-இல் முடிவு வெளியானது. படுக்கை தேவையில்லை என்றானது. ஆனால் பக்கத்தில் நின்று கவனிக்கும் நர்ஸும் போய்விட்டார். அந்த இடத்துக்குத்தான் சாம்பியன் வேண்டியிருக்கிறது.

சோறும் மருந்துதான். ஜார்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ‘ரேஷன்ஸ்’ ஆய்வில், முதல் 2 மாதத்தில் எடை ஏறிய நோயாளிகளிடையே இறப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. அரசு மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்து உதவி தருகிறது. தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் காசநோய்க்கு நீட்டித்த நோய்க்காலப் பலன், 80 சதவீதச் சம்பளம், உண்டு. அதற்கு இரண்டு ஆண்டு தொடர்ச்சியான வேலை வேண்டும். கான்ட்ராக்ட் மாறிக்கொண்டே இருக்கும் தொழிலாளிக்கு எட்டாத நிபந்தனை அது. இதையெல்லாம் விசாரித்துச் சொல்வதும் சாம்பியன் வேலைதான். அவர்களைச் சம்பளமில்லாத ஆள்பலமாக மட்டும் நடத்துவது நியாயமில்லை. பஸ் காசாவது முறையாகக் கிடைக்க வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம். ஏற்கெனவே மருந்தை முடித்தவரா? சாம்பியன் ஆக, அங்கேயே காசநோய்ப் பணியாளரிடம் உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.