ஒரு காகிதம், இரண்டு நிறம்

ஒரே நிறக் காகிதத்தை இரண்டு நிறமாகக் காட்ட வேண்டும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1950இல் வடிவமைப்புத் துறைத் தலைவராகப் பொறுப்பேற்ற யோசெஃப் ஆல்பர்ஸ், தன் மாணவர்களுக்குக் கொடுத்த பயிற்சிகளில் ஒன்று இது. சாயமும் தூரிகையும் கிடையாது. கத்தரிக்கோல், பசை, கொஞ்சம் வண்ணத்தாள் போதும். பழைய பத்திரிகை, பொட்டலத் தாள், சுவரில் ஒட்டும் தாளின் மிச்சம் என்று கைக்கு அகப்பட்டதெல்லாம் உதவும். சாயத்தைக் கலந்தால் அதே நிறம் மறுபடி கிடைக்காது. தாளிலோ ஒரே நிறத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம். சோதனை என்றால் பொருள் மாறாமல் இருக்க வேண்டுமே.

சாம்பல் நிறத் தாளிலிருந்து இரண்டு சிறு சதுரங்கள் வெட்டி, ஒன்றைப் பளிச்சென்ற மஞ்சள் தாளின் நடுவிலும் மற்றதைக் கருநீலத் தாளின் நடுவிலும் வைத்துப் பாருங்கள். மஞ்சளின் மேல் இருப்பது இருண்டு, லேசாக நீலம் பாய்ந்ததுபோல் தெரியும். கருநீலத்தின் மேல் இருப்பதோ வெளுத்து, வெதுவெதுப்பான ஒரு சாயலைக் காட்டும். இரண்டும் ஒரு தாளின் துண்டுகள்தான் என்று நம்ப மனம் வராது. பின்னணியை மறைத்தால் மட்டுமே நம்பிக்கை வரும். மறைப்பை எடுத்த கணமே மறுபடி இரண்டு நிறம். உண்மை தெரிந்த பிறகும் கண் திருந்துவதில்லை. இந்தப் பாடத்தில் எனக்கு மிகப் பெரிய வியப்பு இதுதான்.

ஆல்பர்ஸுக்கு முன்பே இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டவர் ஒருவர் உண்டு. பாரிஸின் கோபெலின் திரைச்சீலைக் கூடத்தில் 1824இல் சாயப் பிரிவை ஏற்ற வேதியியலாளர் மிஷேல் செவ்ரல். கறுப்பு நூலில் கறுப்பு போதவில்லை என்று அவரிடம் புகார் வந்தது. சாயத்தைச் சோதித்தார், குறை ஒன்றும் இல்லை. அந்த நூலுக்குப் பக்கத்தில் நெய்யப்பட்டிருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை மங்கச் செய்திருந்தன. வேதியியலில் தொடங்கிய விசாரணை கண்ணில் போய் முடிந்தது. அருகருகே வரும் நிறங்கள் ஒன்றையொன்று எப்படி மாற்றுகின்றன என்று அவர் எழுதிய நூல் 1839இல் வெளிவந்தது.

காரணத்தின் ஒரு பகுதி விழித்திரையிலேயே இருக்கிறது. அங்கே ஒளியை வாங்கும் செல்கள் பத்துக் கோடி அளவில் உள்ளன. மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் பார்வை நரம்பிலோ சுமார் பத்து லட்சம் இழைகள்தான். எல்லாவற்றையும் அனுப்ப வழியில்லை. அதனால் அக்கம்பக்கத்துச் செல்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டையே விழித்திரை முக்கியமாக அனுப்புகிறது. ஹால்டன் ஹார்ட்லைன் என்ற உடலியலாளர் குதிரைலாட நண்டின் கண்ணில் இதைத் தெளிவாக அளந்து காட்டினார். ஓர் ஒளியுணர் அலகின் மேல் வெளிச்சம் விழும்போது அதன் நரம்பு துடிக்கும். பக்கத்து அலகின் மேலும் வெளிச்சம் போட்டால் முதல் நரம்பின் துடிப்பு குறையும். அண்டை அலகுகள் ஒன்றையொன்று அடக்குகின்றன. பார்வை பற்றிய ஆய்வுகளுக்காக 1967இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் அவர் ஒருவர். நம் கண்ணிலும் இத்தகைய அடக்குதல் நடக்கிறது. நிறத்தைப் பொறுத்தவரை மூளையின் பார்வைப் பகுதிகளும் இந்த ஒப்பீட்டைத் தொடர்கின்றன. ஆக, தனியாக ஒரு நிறத்தை நாம் பார்ப்பதே அரிது. பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதும் அதற்குள் சேர்ந்தே வருகிறது.

ஆல்பர்ஸ் நரம்பியல் படித்தவர் அல்லர். ஜெர்மனியின் போட்ரோப் நகரில் 1888இல் பிறந்தவர்; தந்தை வீடுகளுக்கு வண்ணமடிப்பவர். தொடக்கப் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்துவிட்டு, முப்பது வயதைக் கடந்தபின் 1920இல் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். பிறகு அங்கேயே ஆசிரியரானார். நாஜிகளின் நெருக்கடியில் 1933இல் அப்பள்ளி மூடப்பட்டது. யூதக் குடும்பத்தில் பிறந்தவரும் நெசவுக் கலைஞருமான மனைவி ஆனியுடன் அதே ஆண்டு வட கரோலினாவின் பிளாக் மவுண்டன் கல்லூரிக்கு வந்தார். ஆங்கிலம் அப்போது அவருக்கு அநேகமாகத் தெரியாது. என்ன கற்றுத்தரப் போகிறீர்கள் என்று கேட்டபோது, கண்களைத் திறப்பதுதான் வேலை என்ற பொருளில் பதில் சொன்னார். உதிர்ந்த இலைகளைக்கூட அங்கே நிறப் பயிற்சிக்குப் பொருளாக்கினார்.

கோட்பாட்டை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு உதாரணம் காட்டுவது வகுப்பறை வழக்கம். அவர் அதைத் தலைகீழாக்கினார். முதலில் வெட்டு, ஒட்டு, பார்; விளக்கம் பிறகு வரட்டும். இரண்டு நிறங்களைக் காட்டி எது இருண்டது என்று கேட்பார். தேர்ந்த ஓவிய மாணவர்களிலேயே பாதிக்கு மேற்பட்டோர் தவறாகச் சொல்வார்கள். அவர் தேடியது மாணவர்களின் ரசனையை அன்று. கண்ணைச் சந்தேகிக்கும் பழக்கத்தைத்தான். ஓர் ஆசிரியர் தரக்கூடியவற்றில் இதைவிடப் பயனுள்ளது அதிகம் இல்லை என்றே நினைக்கிறேன்.

யேலில் கிராஃபிக் டிசைன் முதுகலைப் படிப்பு 1951இல், அவர் காலத்தில்தான் தொடங்கியது. அந்தத் தொழிலுக்கு இந்தப் பாடம் அன்றாடத் தேவை. சிவப்பின் மேல் அதே பிரகாசமுள்ள நீல எழுத்தை அச்சிட்டால் விளிம்புகள் அதிர்வதுபோல் தெரியும். நீண்ட நேரம் படிக்க முடியாது. விளிம்பு எங்கே இருக்கிறது என்று தீர்மானிக்கக் கண்ணுக்கு முக்கியமாக வேண்டியது பிரகாச வேறுபாடு. நிற வேறுபாடு மட்டும் இருந்தால் அது தடுமாறுகிறது. கறுப்பின் மேல் வரும் வெள்ளை எழுத்து, அதே அளவுள்ள கறுப்பு எழுத்தைவிடத் தடித்துத் தெரியும். ஆகவே அனுபவமுள்ள வடிவமைப்பாளர் அதைச் சற்று மெலிதாக்குவார். இன்று ஒவ்வொரு நிறத்துக்கும் கணினியில் ஓர் எண் இருக்கிறது. ஆனால் எண் ஒன்றாக இருந்தால் தோற்றமும் ஒன்றாக இருக்கும் என்ற உறுதி இல்லை. வெள்ளைப் பையிலும் பச்சைப் பலகையிலும் ஒரு நிறுவனத்தின் சின்னம் ஒரே சிவப்பாகத் தெரிய வேண்டுமானால், சில சமயம் இரண்டு வேறு சிவப்புகளைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.

1958இல் ஓய்வு பெற்ற ஆல்பர்ஸ், தன் வகுப்புகளைத் தொகுத்து 1963இல் நிறங்களின் ஊடாட்டம் பற்றிய நூலை வெளியிட்டார். அதிலுள்ள வண்ணத் தகடுகளில் பல, மாணவர்கள் அந்தப் பயிற்சிகளுக்குக் கண்டுபிடித்த விடைகள். நூலையே தன் மாணவர்களுக்கு நன்றியாகக் கொடுத்தார்.