ஃப்ளெக்ஸ் கடையில் ஒரு வரலாற்றுப் பாடம்

செஞ்சியை அடுத்த அனந்தபுரம் பக்கம் காதுகுத்தோ கண்ணீர் அஞ்சலியோ, ஃப்ளெக்ஸ் இல்லாமல் நடக்காது. யார் முகம் நடுவில் வரவேண்டும், எந்த எழுத்து பெரிதாக இருக்கவேண்டும் என்பதெல்லாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அத்துப்படி. அந்தக் கண்ணைக் கொஞ்சம் வரலாற்றின் பக்கம் திருப்பிவிட்டால் என்ன?

கனடாவில் திருப்பியிருக்கிறார்கள். அங்கே அரசும் திருச்சபைகளும் சேர்ந்து நடத்திய உறைவிடப் பள்ளிகளில் பூர்வகுடிப் பிள்ளைகள் சுமார் 1,50,000 பேரை அடைத்தார்கள். 1973-இல் ஆறு வயது ஃபிலிஸ் வெப்ஸ்டாடுக்குப் பாட்டி ஆசையாக வாங்கித் தந்த ஆரஞ்சு சட்டையை, பள்ளியில் முதல் நாளே கழற்றி வாங்கிக்கொண்டார்கள். அதன் நினைவாக 2013 முதல் செப்டம்பர் 30 ஆரஞ்சு சட்டை தினம். டொராண்டோவில் படிக்கும் நம் தமிழ்ப் பிள்ளைகளும் அன்று அந்த நிறத்தில் வகுப்புக்குப் போகிறார்கள். அந்தச் சட்டைகளுக்கான படங்களை மாணவர்களே வரைவதும் உண்டு.

படத்தின் வலிமை இப்படிப்பட்ட பள்ளிகளை நடத்தியவர்களுக்கும் தெரிந்தே இருந்தது. அமெரிக்காவின் கார்லைல் பள்ளி, டாம் டொர்லினோ என்ற நவஹோ பூர்வகுடி இளைஞரை 1882-இல் ஒரு படமும் 1885-இல் ஒரு படமும் எடுத்துப் பரப்பியது. முதல் படத்தில் நீண்ட கூந்தல், காதணி, கறுத்த முகம். அடுத்ததில் கிராப்பு, கோட்டு, டை, முகமும் வெளுத்திருக்கிறது. மூன்றே வருடத்தில் எப்படி வெளுக்கும்? வெளிச்சத்தை வைத்துச் செய்த வேலை என்கிறார்கள் ஆய்வாளர்கள். கடையில் மாப்பிள்ளை முகத்துக்கு வெள்ளை கூட்டுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

ஆனால் கனடாவோடு நிறுத்தினால் அது ஊரான் வீட்டுக் கதை. 1924-ஆம் ஆண்டுக் குற்றப் பழங்குடிகள் சட்டத்தின் 17-ஆம் பிரிவைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவேண்டும். குற்றப் பரம்பரை என்று அரசு முத்திரை குத்திய சமூகங்களில் ஆறு வயதுக்கு மேல், பதினெட்டுக்குள் இருக்கும் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தொழிற்பள்ளியிலோ சீர்திருத்தப் பள்ளியிலோ சேர்க்க அது அதிகாரம் தந்தது. அனந்தபுரம் அன்று இருந்த அதே தென்னார்க்காடு மாவட்டத்தில்தான் இப்படி முத்திரை குத்தப்பட்டவர்களுக்கான அஸீஸ் நகர் குடியிருப்பும் இருந்தது. மதுரைப் பக்கம் இதைக் கைரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். 1924-க்கு முன்பே இதன் பழைய வடிவை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் 16 பேர் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் சட்டம் ஒழிந்தது 1947-இல்.

இதை வைத்துப் பிள்ளைகள் ஒரு போஸ்டர் செய்யட்டும். அதற்கு அழும் குழந்தை படம் வேண்டாம். இணையத்தில் அது மலிவாகக் கிடைக்கிறது. ஒரு கட்டைவிரல் ரேகை, பிரிவு எண், 'வயது 6 முதல் 18' போதும். படிக்கிற பிள்ளை தன் வயதைக் கணக்குப் போட்டுக்கொள்ளும்.

நிறத்தில்தான் சிக்கல். 2023-இல் நாங்குநேரியில் ஜாதி வெறியில் பள்ளி மாணவனும் தங்கையும் வெட்டப்பட்ட பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, ஜாதியைக் காட்ட மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிற்றையே தடை செய்யச் சொன்னது. இங்கே எந்த வண்ணத்தை எடுத்தாலும் அது யாரோ ஒருவருடைய கொடி. ஜாதிப் பெயரை அச்சிட்டால் அந்த ஜாதிப் பிள்ளை அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கும். ஆகவே பெயர் வேண்டாம், கறுப்பும் வெள்ளையும் போதும். ஃப்ளெக்ஸுக்குச் செலவழிக்காமல் ஜெராக்ஸ் கடையிலேயே அடித்துக்கொள்ளலாம்.